தீவகத்தில் கட்டட வேலைக்குப் பின் வளவு மண்

யாழ்ப்பாணத் தீவகத்தில் புதிதாக வீடு கட்டிய வளவுகளில் மேல்மண் கெட்டுப்போவது பரவலான சிக்கல். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாமே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தவை. பாறைக்கு மேலே கிடக்கும் மண் பல இடங்களில் ஒரு மண்வெட்டி ஆழம்கூட இல்லை. சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணைப்போல இங்கே ஆழமாக வெட்ட முடியாது. நெடுந்தீவில் முருகைக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளைப் பார்த்தாலே நிலம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். தலைமுறை தலைமுறையாகக் குழையும் எருவும் இட்டுச் சேர்த்த கறுத்த மண், ஒரு கிழமை அத்திவார வேலையில் புதைந்துபோகிறது.

அத்திவாரத்துக்கும் மலக்குழிக்கும் கிண்டும்போது அடியிலுள்ள வெள்ளை மக்கி மேலே வருகிறது. அதை ஏற்றி அகற்றச் செலவாகும் என்பதால் வளவிலேயே பரவி நிரவிவிடுகிறார்கள். அதன்மேல் சீமெந்துக் கலவை கழுவிய தண்ணீர் ஊறுகிறது. மணலும் கல்லும் ஏற்றிவந்த வண்டிகள் ஓடி நிலம் இறுகுகிறது. 1990, 1991 இடப்பெயர்வுகளின்போது கைவிடப்பட்டு இடிந்த வீடுகளை அகற்றிவிட்டு எழுப்பிய வீடுகளில் பழைய சுண்ணாம்புச் சாந்தும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

வளவின் நிலையை அறிய ஓரடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் போதும். மேலே நாலு விரற்கடை வெள்ளை மக்கி, அதற்குள் கம்பித் துண்டும் ஓட்டுத் துண்டும், அதன் கீழே வேர்நாரோடு பழைய கறுத்த மண் எனப் படைபடையாகத் தெரியும். மேல் மண்ணில் ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றினால் சுர்ரென்று நுரைத்துப் பொங்கும். அது சுண்ணாம்பு. இத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை உறிஞ்ச முடியாது. தேசியும் செவ்வரத்தையும் முதலில் காட்டிக்கொடுக்கும்: குருத்திலைகள் மஞ்சளிக்க, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும்.

கந்தகம் போட்டால் காரம் தணியும் என்று சொல்லப்படுவது தீவக மண்ணுக்குப் பொருந்தாது. ஒரு கிலோ கந்தகம் மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் கரைக்கும். நூற்றுக்கு ஒரு பங்கே சுண்ணாம்பு உள்ள மண்ணில்கூட, ஒரு சதுர மீற்றரில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ 600 கிராம் கந்தகம் வேண்டும். மக்கி பரவிய வளவில் சுண்ணாம்பு அதைவிடப் பல மடங்கு. இரும்புச் சல்பேற்றை நிலத்தில் இட்டாலும் விரைவில் கட்டுண்டு பயனற்றுப்போகும்; லீற்றருக்கு 5 கிராம் அளவில் கரைத்து இலைமேல் தெளித்தால் அந்தப் பருவத்துக்கு மரம் தேறும்.

வெளியிலிருந்து செம்மண் ஏற்றிவந்து கொட்டுவதை இன்று பலர் விரும்புகிறார்கள். குடாநாட்டின் தோட்ட நிலத்தைச் சுரண்டித் தீவின் வளவை நிரப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மக்கியை அகற்றாமல் அதன்மேல் கொட்டினால் பயனும் குறைவு. முதல் வேலை மக்கியை வழித்தெடுத்துப் பாதைக்கும் முற்றத்துக்கும் பயன்படுத்துவதே. பிறகு, ஈரம் இலேசாக இருக்கும்போது அலவாங்கால் இறுக்கத்தை உடைக்க வேண்டும்.

அடுத்ததுதான் தீவகத்தார் நன்கறிந்த வேலை: பனையோலை தாட்டல். வேலியிலும் கூரையிலும் கழித்த பழைய ஓலைகளை வரிசையாக வெட்டிய குழிகளில் அடுக்கி மண்ணால் மூடுவார்கள். ஓலை மெல்ல உக்கும்; மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; உக்கும்போது உண்டாகும் அமிலம் சத்துகளைச் சிறிதளவேனும் விடுவிக்கும். பூவரசங் குழை, கிளிரிசீடியாக் குழை, மாட்டெரு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் இதோடு சேரலாம். கரையொதுங்கும் சாதாளையை மட்டும் ஒரு மாரி மழையில் நனையவிட்டு உப்புக் கழன்ற பின்னரே இட வேண்டும்.

மழைக்காலம் ஐப்பசி முதல் மார்கழி வரை என்பதால் ஓலையைப் புரட்டாசிக்குள் தாட்டுவிடுவது நல்லது. மண்ணில் ஏறிய உப்பையும் அந்த மழையே கழுவி இறக்குகிறது. முதல் மழையோடு சணல் விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டிப் புரட்டினால் தழைச்சத்து கூடும். யூரியாவில் கைதாராளம் கூடாது. தீவுகளின் நன்னீர், உவர்நீருக்கு மேலே மிதக்கும் மெல்லிய படை. பாறை வெடிப்புகளின் வழியே நைத்திரேற்று நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

முதலிரு ஆண்டுகளில் முருங்கை, மாதுளை, பூவரசு, வேம்பு நடலாம். சுண்ணாம்பு இவற்றை அவ்வளவாக வருத்துவதில்லை. தேசி நடுவோர் நல்ல மண்ணும் எருவும் நிரப்பிய அகன்ற குழியில் நட வேண்டும்.

இன்னும் கட்டத் தொடங்காதவர்களுக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை. கிண்டுமுன் கறுத்த மண்ணை வழித்து வேலியோரம் குவித்து, ஓலையால் மூடி, கலவை போடும் இடத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கும்படி மேசனிடம் சொல்லிவிட வேண்டும். வீடு முடிந்ததும் அதே மண்ணை வளவில் திரும்பப் பரவலாம்.