நெகிழும் பளிங்குகள்: எக்ஸ் கதிர் காட்டிய வரலாறு

பளிங்கு என்றதும் உறுதியும் மாறாத ஒழுங்குமே மனத்திலே தோன்றுகின்றன. நெகிழாதது, வளைக்க முற்பட்டால் உடைந்துபோவது என்பதே அதைப் பற்றிய பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்துக்கு விஞ்ஞான ஆதாரம் தந்தது எக்ஸ் கதிர். ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னர் அதனைத் திருத்தியமைக்க உதவியதும் அதே கதிராகும்.

நுண்டுளைப் பளிங்குகளின் கதை இதற்கும் முற்பட்டது. 1756ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுக் கனிப்பொருளியலாளரான அக்செல் குறோன்ஸ்ரெட், கனிப்பொருளொன்றைச் சூடாக்கியபோது அது கொதிப்பதுபோல நீராவியை வெளிவிடக் கண்டார். கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் 'சியோலைற்று' என்னும் பெயரை அதற்குச் சூட்டினார். கல்லினுள் நீர் எங்கே தங்கியிருந்தது என்ற வினாவுக்கு விடைகாணும் கருவி அக்காலத்தில் இருக்கவில்லை.

அக்கருவி 1912இல் கிடைத்தது. 1895இல் றொஞ்சன் கண்டறிந்த எக்ஸ் கதிர் அலையா துணிக்கையா என்பது அதுவரை தெளிவாகியிருக்கவில்லை. மியூனிக் நகரிலே, மக்ஸ் வொன் லவேயின் கருத்தைப் பின்பற்றிப் பிரீட்றிச், நிப்பிங் ஆகிய இருவரும் செப்புச் சல்பேற்றுப் பளிங்கொன்றினூடாக அக்கதிரைச் செலுத்தினர். கோணல் எனப்படும் அலைத் தோற்றப்பாட்டினால் ஒளிப்படத் தட்டிலே புள்ளிகள் பதிந்தன. கதிர் அலையியல்புடையது என்பதும், பளிங்கினுள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன என்பதும் ஒருங்கே புலனாயின. கதிர் வெளிப்படும் கோணத்திலிருந்து அணுத்தளங்களின் இடைத்தூரத்தைக் கணிக்கும் விதியை லோறன்ஸ் பிராக் அதே ஆண்டில் வகுத்தார். 1930இல் லைனஸ் போலிங் நேற்றோலைற்று என்னும் சியோலைற்றின் அமைப்பை இம்முறையால் விளக்கினார். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் அணுக்களாலான சட்டகத்தின் வெற்றிடங்களிலேயே நீர் குடியிருந்தது!

இத்தகைய சட்டகங்களை மனிதர் தாமே அமைக்க முடியுமா? மெல்பேண் பல்கலைக்கழகத்திலே 1974இல் விரிவுரைக்காக மரப்பந்துகளால் மூலக்கூற்று மாதிரிகளைச் செய்வித்த றிச்சர்ட் றொப்சனுக்கு இவ்வெண்ணம் உதித்தது. செப்பு அயன்களைச் சேதன மூலக்கூறுகளுடன் இணைத்த சட்டகத்தை அவர் 1989இல் வெளியிட்டார். ஆயினும் அத்தகைய அமைப்புகள் எளிதிற் சிதையக்கூடியனவாயிருந்தன. இத்துறையில் உழைத்த யப்பானியரான சுசுமு கிற்றகாவா கோரிய ஆராய்ச்சி நிதி பலமுறை மறுக்கப்பட்டது. பயனற்றதிலும் பயனைக் காணும் கொள்கையுடைய அவர், வாயுக்களை உள்வாங்கி மீள வெளிவிடும் உறுதியான சட்டகங்களை 1997இல் ஆக்கிக் காட்டினார். அப்பணியைச் சியோலைற்றுகளே செய்கின்றனவே என்ற வினா எஞ்சியது. சேதன இணைப்புகளையுடைய சட்டகங்கள் மென்மையாய் நெகிழவும் வல்லன என 1998இல் அவர் முன்வைத்த கருத்தே அதற்குரிய விடையாயிற்று.

அக்கருத்துக்குச் சிறந்த சான்று 2002இல் பிரான்சிலிருந்து கிடைத்தது. ஜெராட் பெரே குழுவினர் ஆக்கிய 'மில்-53' என்னும் குரோமியச் சட்டகம், நீரை ஏற்றபோது சுருங்கி, சூடாக்கி நீரை அகற்றியபோது விரிந்தது. கடைவாயில்களிலுள்ள மடிப்பு இரும்புக் கதவின் சாய்சதுரங்களைப் போன்று அதன் துளைகள் ஒடுங்கி விரிந்தன. இவ்வியல்பை அவர்கள் 'சுவாசித்தல்' என்றனர். 2007இல் அவர்கள் விவரித்த வேறொரு வகைச் சட்டகங்கள், பளிங்கொழுங்கு குலையாமலே 85 முதல் 230 சதவீதம் வரை கனவளவிற் பெருகின.

இதனை அறிவித்ததும் எக்ஸ் கதிரே. இவ்வாறு நெகிழும்போது தனிப்பளிங்குகள் பெரும்பாலும் வெடித்துவிடுவதால், டெபாய், செறர் ஆகியோர் 1916இல் வகுத்த தூள்முறை கைகொடுத்தது. வாயுவைச் சிறிது சிறிதாகச் செலுத்தியவாறே கதிரையும் செலுத்தினால், தளங்களின் இடைத்தூரம் கூடுந்தோறும் கோணற் கோலத்தின் உச்சிகள் சிறுகோணத்தை நோக்கி நகரும். சட்டகம் சிதைந்துவிட்டால் உச்சிகள் மங்கி மறையும். அவை மறையாமல் நகர்ந்தமையே ஒழுங்கு காக்கப்பட்டதற்குச் சான்றாயிற்று.

2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு, உலோகச் சேதனச் சட்டகங்களை உருவாக்கியமைக்காகக் கிற்றகாவா, றொப்சன், ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. 2017இல் மறைந்த பெரே அதனைக் காணவில்லை. ஒழுங்கும் நெகிழ்வும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற பழைய எண்ணம் தளர்ந்துவிட்டது. ஒரு காலத்திலே சட்டகங்களின் குறையாக எண்ணப்பட்ட மென்மை, அவற்றின் தனிச்சிறப்பாக மதிக்கப்படலாயிற்று.