செப்புத் தகட்டின் வயதும் தட்டின் வயதும்

ஆங்கிலேயரின் நீல அச்சுப் பீங்கான் தட்டுகளுக்குக் காலம் குறிப்போர் 1842ஆம் ஆண்டை எல்லைக்கல்லாகவே நட்டுவிட்டனர். அவ்வாண்டின் வடிவுரிமைச் சட்டம் பிறர் படங்களை எடுத்தாள்வதைத் தடுத்தது. ஆகவே நூலிலிருந்து எடுத்த காட்சியைத் தாங்கிய தட்டு அதற்கு முற்பட்டது என்பது அவர்கள் வாதம். இது நிற்காது என்றே கருதுகிறேன்.

அவர்கள் பெரிதும் சார்ந்திருப்பது ஸ்போட் நிறுவனத்தின் இந்திய வேட்டைக் காட்சித் தட்டுகளை. வில்லியம்சன் எழுதி ஹோவிட் படம் வரைந்த ‘ஓரியண்டல் ஃபீல்டு ஸ்போர்ட்ஸ்’ 1807இல் முழுமை பெற்றது. 1815ஐ ஒட்டி அப்படங்கள் தட்டுக்கு வந்துவிட்டன. அச்சோவியங்களுக்கு 28 ஆண்டு உரிமை தரும் சட்டமோ 1767 முதலே இருந்தது. உரிமை உயிரோடிருந்தபோதே எடுத்திருக்கிறார்கள். அனுமதி பெற்றிருக்கலாமே எனில், அனுமதியை 1842க்குப் பிறகும் பெறலாமே!

சட்டத்தின் வாசகமும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அது காத்தது பதிவுசெய்த புது வடிவங்களை. பீங்கானுக்கு 3 ஆண்டுகள் மட்டுமே. பழைய செப்புத் தகடுகளை உருக்கச் சொல்லவில்லை. தகட்டில் மை தடவி, மெல்லிய தாளில் எடுத்து, ஒருமுறை சுட்ட ஓட்டின்மேல் ஒட்டி அச்சை இறக்குவதே தொழில்முறை. தகடு தேய்ந்தால் கோடுகளை மறுபடி வெட்டிக்கொள்ளலாம். ஸ்போட்டின் ‘இத்தாலியன்’ காட்சி 1816இல் தொடங்கி இன்றும் விற்பனையில் உள்ளது. எல்லைக்கல் வாதத்தை மறுக்க இந்த ஒன்றே போதும்.

பெரிய தட்டுகள் சுவரழகுக்காகவே வாங்கப்பட்டவை, ஆகவே மறுபடி வார்க்கத் தேவை எழவில்லை என்பாரும் உண்டு. இறைச்சித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். ஒரு முனையில் இரண்டு கட்டைக் கால்கள்; அதனால் தட்டு மறுமுனைக்குச் சாயும். மேற்பரப்பில் மரக்கிளைபோல் ஓடும் வாய்க்கால்கள் இறைச்சிச் சாற்றை அம்முனையிலுள்ள குழிக்குக் கொண்டுசேர்க்கும். மெருகின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கத்திக் கீறல்கள். பந்தியில் உழைத்த தட்டு இது. உழைத்தது உடையும், உடைந்தால் அதே தொகுப்புக்கு ஒத்த தட்டை உரியவர் கேட்பார். பழைய தகடுகள் வேலையற்றுக் கிடக்காததற்கு இதுவும் காரணமாகலாம்.

எனவே நான் நம்புவது அடிப்பக்க முத்திரையை. ஸ்போட் நிறுவனம் 1833இல் ‘கோப்லண்ட் அண்டு கேரட்’ ஆனது, 1847 முதல் கோப்லண்ட் மட்டும். முத்திரையற்றவற்றுக்கு 1842ஐ முடிவெல்லையாகக் கொள்வதற்கில்லை. அருங்காட்சியக அட்டவணைகளில் மூலநூலின் ஆண்டையும் தட்டு வார்த்த காலத்தையும் இனியாவது தனித்தனியே பதிய வேண்டும். இரண்டாவது தெரியாவிட்டால் அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும்.