ரான் பராசி – அப்பாவின் கிளப்பை விட்டுப் போனவர்



மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றால் நமக்கெல்லாம் பாக்சிங் டே டெஸ்ட்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மைதானத்தில் ஒரு விளையாட்டுப் போட்டிக்குக் கூடிய மிகப் பெரிய கூட்டம் கிரிக்கெட்டுக்கு வந்த கூட்டம் இல்லை. 1970-ல் நடந்த ஆஸ்திரேலிய ஃபுட்பால் இறுதிப்போட்டிக்கு வந்தவர்கள் 1,21,696 பேர்! அன்றைக்கு ஜெயித்த அணியின் பயிற்சியாளர் ரான் பராசி. அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. ஒரு அணிக்கு 18 பேர், முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து. இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் தள்ளிப் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம். இதற்குப் பெயர் ஹேண்ட்பால். எறிய மட்டும் கூடாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டு அப்பாக்கள்

பராசி பிறந்தது 1936, விக்டோரியா மாநிலத்தில் காசில்மெய்ன் என்ற ஊரில். அவருடைய அப்பாவின் பெயரும் ரான் பராசிதான். மெல்போர்ன் கிளப்புக்கு ஆடி, 1940-ல் சாம்பியன் ஆன அணியில் இருந்தவர். அடுத்த வருடமே, 1941-ல், இரண்டாம் உலகப்போரில் டோப்ரூக்கில் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது 5 வயது.

அந்தக் காலத்தில் நீங்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்களோ, அந்தப் பகுதிக்குரிய கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். அந்தக் கணக்குப்படி பராசி வேறு கிளப்புக்குப் போயிருக்க வேண்டியவர். ஆனால் அப்பா ஆடிய கிளப்பில் மகனும் ஆடலாம் என்ற விதி வந்தது. அதற்காக வாதாடியது மெல்போர்ன் கிளப். விதியால் முதலில் பயன் அடைந்தவர்களில் பராசியும் ஒருவர். அந்த 'அப்பா-மகன் விதி' வெவ்வேறு வடிவத்தில் இன்றும் இருக்கிறது.

அவருடைய அம்மா டாஸ்மேனியாவுக்குப் போனபோது, பராசி நார்ம் ஸ்மித்தின் வீட்டில் தங்கிக்கொண்டார். ஸ்மித் யார் என்றால், அப்பாவோடு ஒரே அணியில் ஆடியவர், பிறகு மெல்போர்ன் கிளப்பின் பயிற்சியாளர். ஆக, வீட்டில் வளர்த்தவரே மைதானத்தில் குருவும்.

1953-ல் 17 வயதில் பராசி முதல் ஆட்டம் ஆடினார். ரக்மேனாக நிற்க உயரம் போதாது, ரோவருக்கு உடம்பு கொஞ்சம் பெரியது. அதனால் ஸ்மித் அவரை ரக்மேனுக்குத் துணையாக எங்கேயும் ஓடிப் பந்தைப் பிடுங்கும் இடத்தில் போட்டார். 'ரக்-ரோவர்' என்ற அந்த இடம் பிரபலமானதே பராசியால்தான். மெல்போர்ன் 1955, 56, 57, 59, 60, 64 என்று ஆறு முறை சாம்பியன். ஆறிலும் பராசி இருந்தார், கடைசி இரண்டில் கேப்டன்.

அந்த முடிவு

1964-ல் காலிங்வுட்டை வெறும் 4 புள்ளியில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய பராசி, அந்த வருடம் முடிவதற்குள் கார்ல்டன் கிளப்புக்குப் போனார், கேப்டன் மற்றும் பயிற்சியாளராக. வயது 28.

வணிகவியல் படிக்கிற நமக்கு இது பெரிய செய்தியாகத் தெரியாது. நல்ல ஆள், நல்ல சம்பளம், வேறு கம்பெனி, அவ்வளவுதானே? ஆனால் அன்றைய மெல்போர்ன் நகரத்தில் ரசிகர்களுக்கு இது இடி விழுந்த மாதிரி இருந்தது. செத்துப்போன அப்பாவின் கிளப், வளர்த்த குருவின் கிளப், தனக்காகவே போராடி விதி வாங்கிய கிளப். அதை விட்டுப் போகலாமா?

நியாயம் இரண்டு பக்கமும் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பயிற்சியாளர் ஆக வேண்டும். மெல்போர்னில் அந்த நாற்காலியில் இருப்பவர் வளர்ப்புத் தந்தை போன்றவர். அவர் போகும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். 1965 ஜூலையில் என்ன நடந்தது என்று பாருங்கள்: ஆறு கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஸ்மித்தை மெல்போர்ன் நிர்வாகம் சீசன் நடுவிலேயே நீக்கியது! சில நாட்களில் திரும்ப அழைத்துக்கொண்டாலும் பட்ட காயம் பட்டதுதான். விசுவாசம் என்பதை ஆட்டக்காரனிடம் எதிர்பார்த்த கிளப், பதிலுக்கு எவ்வளவு கொடுத்தது?

44 புள்ளி பின்னால்

பராசி போனபோது கார்ல்டன், 12 அணிகளில் 10-வது இடத்தில் இருந்தது. கடைசியாகக் கோப்பை வாங்கியது 1947-ல். 1968-ல் எசண்டனை 56-53 என்று ஜெயித்து அந்த வறட்சி தீர்ந்தது. இதில் வேடிக்கை, கார்ல்டன் அடித்தது 7 கோல், எசண்டன் 8 கோல். பிஹைண்ட் கணக்கில்தான் ஜெயித்தார்கள்.

அடுத்தது 1970. எதிரி காலிங்வுட். பாதி ஆட்டம் முடிந்தபோது கார்ல்டன் 44 புள்ளி பின்னால். ஓய்வறையில் பராசி சொன்ன விஷயம்: பந்து கிடைத்ததும் நின்று நிதானமாக உதைக்காதீர்கள், ஹேண்ட்பால் செய்துகொண்டே ஓடுங்கள். பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸ் என்ற இளைஞரையும் உள்ளே இறக்கினார். ஹாப்கின்ஸ் 4 கோல் அடித்தார். முடிவு 111-101, கார்ல்டன் வெற்றி.

ஹேண்ட்பாலை அன்றைக்குத்தான் பராசி கண்டுபிடித்தார் என்பது போலச் சிலர் சொல்வார்கள். அது மிகை. ஜீலாங் அணியின் பாலி ஃபார்மர் 1960-களிலேயே அதை ஆயுதமாகப் பயன்படுத்தினார். ஆனால் அத்தனை பேர் பார்க்க, தோற்கும் நிலையில், ஒரு முழு அணியையே அப்படி ஆட வைத்ததால் அந்த நாள் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது.

ஏழைக் கிளப்புக்கு ஒரு கோப்பை

1973-ல் பராசி நார்த் மெல்போர்னுக்குப் போனார். லீக்கில் 1925-ல் சேர்ந்த கிளப், ஒரு கோப்பைகூட இல்லை. 1972-ல் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அந்தச் சமயத்தில் 10 வருடம் ஆடியவர்கள் சுதந்திரமாகக் கிளப் மாறலாம் என்ற விதி கொஞ்ச காலம் இருந்தது. நார்த் உடனே பாரி டேவிஸ், டக் வேட், ஜான் ரான்டல் ஆகிய மூவரையும் வளைத்துப் போட்டது. 1974 முதல் 1978 வரை ஐந்து வருடமும் இறுதிப்போட்டி! 1975-ல் முதல் கோப்பை. 1977-ல் இறுதிப்போட்டி 76-76 என்று டை ஆகி, அடுத்த வாரம் மறுபடி ஆடி ஜெயித்தார்கள்.

வீடு திரும்பினார், ஆனால்...

1981-ல் பராசி மெல்போர்னுக்கே பயிற்சியாளராகத் திரும்பினார். சினிமாவாக இருந்தால் இங்கே கோப்பை வாங்கியிருக்க வேண்டும். நிஜத்தில் முதல் வருடம் 22 ஆட்டத்தில் ஒரே வெற்றி. ஐந்து வருடமும் ஃபைனல்ஸ் பக்கமே போகவில்லை. ஆனால் அயர்லாந்தில் இருந்து இளைஞர்களைக் கொண்டுவரும் முயற்சி அப்போதுதான் நடந்தது. அப்படி வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991-ல் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார்.

1993-ல், 57 வயதில், தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த சிட்னி ஸ்வான்ஸை ஏற்றுக்கொண்டார். அவர் இருந்த மூன்று சீசன்களில் வெற்றிகள்: 1993-ல் 1, 1994-ல் 4, 1995-ல் 8. அவர் விலகிய அடுத்த வருடம், 1996-ல், சிட்னி இறுதிப்போட்டிக்கே போனது. அவர் வாங்கிய கோப்பைகளைவிட எனக்கு இந்த 1, 4, 8 தான் பிடித்திருக்கிறது. ஏற்கெனவே பெயர் எடுத்தவர் தோற்கிற இடத்துக்குத் தெரிந்தே போவது சாதாரணம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் ஆளும் பகுதியையும் ரக்பி ஆளும் பகுதியையும் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்கு 'பராசி கோடு' என்று பெயர். 1978-ல் வரலாற்றாசிரியர் இயன் டர்னர் வைத்தது. கோட்டுக்குத் தன் பெயர் இருக்க, அதைத் தாண்டிப் போய் வேலை பார்த்தார் மனிதர்!

ஆட்டக்காரராக ஆறு, பயிற்சியாளராக நான்கு, மொத்தம் 10 கோப்பைகள். மெல்போர்ன் மட்டும், 1964-ல் அவர் போன பிறகு 57 வருடம் கோப்பையைத் தொடவே இல்லை. 2021-ல்தான் தொட்டது. அப்போது பராசிக்கு 85 வயது. அதையும் பார்த்துவிட்டு 2023 செப்டம்பரில் காலமானார்.

அப்பாவின் கிளப்பை விட்டது சரியா தவறா? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள் நண்பர்களே. அடுத்த பதிவில் சந்திப்போம்.