பல்லின் பின்னே மறைந்த கம்பி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவிலைக் கடந்து சிறிது தூரத்தில் இணுவிலை அடைவர். இவ்வூரின் பெயரைக் கேட்டதும் இசை அன்பர்களின் நினைவுக்கு வருவன தவிலும் நாதசுரமுமே. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரிலேதான். இணுவிலுக்கு மற்றுமொரு பெருமையும் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அமெரிக்க மிஷனார் 1898ஆம் ஆண்டில் நிறுவிய மக்லியொட் வைத்தியசாலை இங்கேயே அமைந்தது. இசை, வைத்தியம் என்னும் இவ்விரண்டும் பல் வரிசையைச் சீர்செய்யும் கலையின் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன.

நாதசுரம் வாசிப்பவர் சீவாளியை உதடுகளாற் பற்றி ஊதுகிறார். அவ்வுதடுகளுக்குப் பின்னே அரணாக நிற்பவை முன்வாய்ப் பற்களாம். அப்பற்கள் கோணியிருந்தால் அவற்றை நேராக்கக் கம்பி கட்டுவர். பற்களின் முன்புறத்திற் கம்பி கட்டினால், ஊதுந்தோறும் உதட்டின் உட்புறம் உலோகத்தில் அழுந்திப் புண்ணாகும். சிகிச்சையோ பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு நீளும். திருவிழாக் காலத்தில் இரவிரவாக வாசிக்கவேண்டிய ஓர் இளங்கலைஞன் அத்துணைக் காலம் தொழிலை விட்டிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கான விடை, இசைக்குச் சற்றும் தொடர்பில்லாத வேறொரு நாட்டின் வேறொரு கலையிலிருந்து பிறந்தது.

பற்களை நேராக்கும் முயற்சி பழமையானது. பிரான்சு தேசத்துப் பியர் போசார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட பல் வைத்திய நூலில், வளைந்த உலோகப் பட்டியொன்றைப் பற்களோடு நூலாற் கட்டி அவற்றை இழுக்கும் முறையை விளக்கினார். அந்நாட்டினரான லெபூலோன் 1841இல், பல் வரிசையின் உட்புறத்தே பொருந்தும் வில் ஒன்றை அமைத்தார். ஆகவே, கம்பியை உள்ளே வைக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. பல் எலும்பினுள் எவ்வாறு நகர்கிறது என்பதைச் சுவீடன் நாட்டுச் சாண்ட்ஸ்டெட் 1904இல் ஆராய்ந்து காட்டினார். அழுத்தம் பெறும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்திற் புதிய எலும்பு வளர்கிறது. மெல்லிய விசையைப் பொறுமையோடு செலுத்துவதே இவ்வைத்தியத்தின் இரகசியம்.

அமெரிக்கரான எட்வர்ட் ஏங்கிள் இத்துறையை ஒழுங்குபட்ட சாத்திரமாக்கினார். ஆயினும் அவர் காலத்தும் அதன் பின்னரும், ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் பூட்டவேண்டியிருந்தது. வாய் திறந்தால் உலோகமே தெரியும். 1955ஆம் ஆண்டில் மைக்கேல் புவனகோர் என்பார், பல்லின் மேற்பூச்சான எனாமலை அமிலத்தால் மெல்ல அரித்தால் அதன்மீது பசை உறுதியாக ஒட்டும் எனக் கண்டறிந்தார். இதனால் வளையம் இன்றியே, பிராக்கெட் எனப்படும் சிறு பிடிகளைப் பல்லில் ஒட்டவும், விரும்பினால் அவற்றைப் பல்லின் பின்புறத்தில் வைக்கவும் வழி பிறந்தது.

யப்பானியரான கின்யா புஜிதா அவ்வழியிற் சென்றார். யூடோ முதலிய தற்காப்புக் கலைகளைப் பயில்வோரின் உதடும் கன்னமும், முன்புறக் கம்பியில் மோதிக் கிழிவதைத் தவிர்ப்பதே அவர் நோக்கம். உட்புறத்தில் வேட்டைப் பல்லுக்கும் அதனை அடுத்த பல்லுக்கும் இடையே ஒரு படி போன்ற வேறுபாடு உண்டு. அதற்கிசையக் காளான் வடிவில் வளைத்த கம்பியை அமைத்து, 1979ஆம் ஆண்டில் தம் முறையை அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டார். அக்காலத்திலேயே கலிபோர்ணியாவில் கிரேவன் கர்ஸ் என்பாரும் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவரை நாடியவர்களோ, பிறர் கண்ணிற் படாத கம்பியை வேண்டிய வளர்ந்தவர்கள்.

இம்முறை எளிதில் வெற்றி பெறவில்லை. பல்லின் உட்புற வடிவம் ஆளுக்காள் மாறுவது. வைத்தியர் கண்ணாடியிற் பார்த்தே வேலை செய்யவேண்டும். கீழ்ப்பற்கள் மோதிப் பிடிகள் கழன்றுவிடும். 1980களில் அமெரிக்காவில் எழுந்த ஆர்வம் விரைவில் தணிந்தது. பின்னர் செர்மனியில் டிர்க் வீக்மன், கணினியின் துணையால் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியே பொற்கலவையிற் பிடி வார்க்கும் முறையை உருவாக்கியபின், இக்கலை மீண்டும் தழைத்தது.

உதட்டுக்கு வந்த நன்மை நாவுக்குச் சுமையாயிற்று என்பதையும் மறத்தலாகாது. த, ந என்னும் எழுத்துக்கள் நாவின் நுனி மேற்பல்லின் அடியிற் பொருந்தும்போது பிறப்பன எனத் தொல்காப்பியம் பிறப்பியலிற் கூறுகிறது. மறைகம்பி அமர்வதும் அவ்விடத்திற்கு அருகேயே. ஆகவே தொடக்கத்திற் சில வாரங்கள் பேச்சுக் குழறும். நாவும் உரசலால் நோகும். நாதசுரத்தில் நாவினால் ஒலியை வெட்டும் துத்துகாரமும் புதிதாகப் பழகப்பட வேண்டியதாகும். முன்னே கட்டினால் உதடு வருந்தும். பின்னே கட்டினால் நா வருந்தும். எந்த வருத்தத்தைத் தாங்குவது என்பதை, தன் தொழிலை அறிந்த கலைஞனே வைத்தியரோடு கலந்து தீர்மானித்தல் வேண்டும்.

பல்லை நேராக்க வருபவர் கம்பியை மறைக்க விரும்புவது வெறும் பகட்டு எனச் சிலர் நகைப்பர். அவர்கள் இணுவில் வைத்தியசாலையின் தோற்றத்தை எண்ணிப் பார்த்தல் நன்று. ஆண் வைத்தியர் முன் உடலைக் காட்ட நாணிய பெண்கள், நோயோடே வீட்டில் அடங்கியிருந்த காலம் அது. அந்நாணத்தை அறியாமை எனத் தள்ளாமல், பெண்களைப் பெண்களே பார்க்கும் வைத்தியசாலைக்கு லீச் சகோதரியர் பொருள் திரட்டினர்; வைத்தியர் இசபெலா கர் அதில் நெடுங்காலம் தொண்டாற்றினார். நாணத்துக்கு மதிப்பளித்ததாலேயே வைத்தியம் அப்பெண்களைச் சென்றடைந்தது.

நடுவயதில் மாணவர் முன்னே நிற்கும் ஆசிரியரும், சபையில் வாசிக்கும் இசைஞரும் கம்பிக்குக் கூசிச் சிகிச்சையைத் தவிர்த்தால் இழப்பு அவர்களுக்கே. நோயாளியின் தொழிலையும் கூச்சத்தையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்ட வைத்தியர்களே அக்கம்பியைப் பல்லின் பின்னே கொண்டு சென்றனர்.