சுவாதி நட்சத்திரம் ஏன் ஆரஞ்சு நிறத்தில் தெரிகிறது? சூரியனுக்கும் இதே கதிதானா?

ஜாதகத்தில் 'சுவாதி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 27 நட்சத்திரங்களில் 15-வது. ஆனால், அதை வானத்தில் பார்த்திருக்கீங்களா? தொலைநோக்கி வேண்டாம், விளக்கு வெளிச்சம் நிறைந்த பெருநகரங்களில்கூட வெறும் கண்ணுக்கே தெரியும். வானியலில் இதன் பெயர் ஆர்க்டரஸ். சூரியனுக்கு வருங்காலத்தில் என்ன ஆகும் என்பதை இப்போதே காட்டும் நட்சத்திரம் இது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மே, ஜூன் மாதங்களில் மேகம் இல்லாத இரவில், 9 மணி வாக்கில் வடக்கே பாருங்க. கரண்டி மாதிரி 7 நட்சத்திரங்கள் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டிக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டே போனால், முதலில் வரும் பிரகாசமான ஆரஞ்சு நட்சத்திரம்தான் சுவாதி. இன்னும் நீட்டினால் நீலவெள்ளையாகச் சித்திரை நட்சத்திரம் வரும்.

ஆரஞ்சுன்னா சூடு அதிகமா?

இல்லை, குறைவு. பாத்ரூம் குழாயில் சிவப்பு என்றால் சுடுதண்ணீர், நீலம் என்றால் பச்சைத்தண்ணீர். நட்சத்திரங்களில் அப்படியே உல்டா. மேற்பரப்பு வெப்பநிலை சித்திரைக்கு 20,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல், சூரியனுக்குச் சுமார் 5,500, சுவாதிக்குச் சுமார் 4,000.

அப்புறம் எப்படி இவ்வளவு பிரகாசம்?

சைஸ்தான் காரணம். சூரியனைவிடச் சுமார் 25 மடங்கு அகலம். வெளிவிடும் ஆற்றல் சுமார் 170 மடங்கு. தூரமும் அதிகமில்லை, சுமார் 37 ஒளியாண்டுகள்தான். அதாவது, உங்கள் வயது 37-க்குக் கீழே என்றால், இன்றிரவு நீங்கள் பார்க்கும் வெளிச்சம் நீங்கள் பிறப்பதற்கு முன்பே கிளம்பியது.

இந்தப் பயணத்தை வைத்து 1933-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு விழாவே நடந்தது. அந்த நகரில் 1893-ல் உலகக் கண்காட்சி நடந்தபோது புறப்பட்ட ஒளி, 40 ஆண்டு கழித்து வந்து சேர்கிறது என்று அப்போது கணக்கிட்டார்கள். அந்த ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, மின்சாரமாக மாற்றி, புதிய கண்காட்சியின் விளக்குகளை எரியவிட்டார்கள்.

சூரியனுக்கும் இதே கதியா?

ஆமாம். சுவாதியின் எடை கிட்டத்தட்ட சூரியனின் எடைதான். ஆனால், வயது சுமார் 700 கோடி ஆண்டுகள். சூரியனுக்கு 460 கோடிதான். சுவாதியின் மையத்தில் ஹைட்ரஜன் எரிபொருள் தீர்ந்துவிட்டது. மையம் சுருங்கிச் சூடேற, சுற்றியுள்ள அடுக்கில் ஹைட்ரஜன் எரிகிறது. அதனால் வெளி அடுக்குகள் ஊதிப் பெருத்து, ஆறி, ஆரஞ்சாகிவிட்டன.

சூரியன் இந்தக் கட்டத்தை எட்ட இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் ஆகும். வீங்கிக்கொண்டே போய், கடைசியில் புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமிக்கான சிக்கல் அதற்கு வெகுமுன்பே வந்துவிடும். சூரியனின் பிரகாசம் மெல்லக் கூடிவருவதால், சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

சுவாதி மட்டும்தானா?

இல்லை. ரோகிணியும் இதே வகைதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பாருங்க, அதே ஆரஞ்சு நிறம் தெரியும்.