கரியாலூர் பச்சையும் தேசியக்கொடி காவியும்

கரியாலூர் போய்ட்டு வந்தவங்க எடுத்த போட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி கல்வராயன் மலை ஏறினதும் பச்சையிலேயே எத்தனை தினுசு! கேமராத் திரையில அத்தனையும் தெரியும். போட்டோஷாப்பில் திருத்தும்போதும் தெரியும். வலையில ஏத்தினதும் காஞ்ச கறிவேப்பிலை மாதிரி ஆயிடும். "கேமரா மட்டம்", "மானிட்டர் சரியில்லை"ன்னு ஆளாளுக்குப் பழி போடுவோம். உண்மையான காரணம் வேற. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி, 1931-க்குப் போகணும்.

அந்த வருஷம்தான் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு நிறத்தை எண்ணாக்கியது. இங்கிலாந்தில் ரைட், கில்டு என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சோதனை செய்திருந்தார்கள். மொத்தம் 17 பேருடைய கண்கள்தான் அதுக்கு ஆதாரம். ஒரு நிறத்தை எக்ஸ், ஒய் என்ற இரண்டு எண்களாலும், பிரகாசத்தை மூன்றாவது எண்ணாலும் சொல்லிவிடலாம் என்று ஆனது. இன்றைக்கும் எல்லா வண்ணக் கணக்கும் இதன் மேலதான் நிக்குது.

இதுக்கு நம்ம நாட்டிலேயே அருமையான உதாரணம் ஒண்ணு இருக்கு. ஐஎஸ்ஐ முத்திரை தெரியும் இல்லையா, அந்த நிறுவனம் வெளியிட்ட தரநிர்ணயங்களில் முதல் எண் எதுக்குன்னு நினைக்கிறீங்க? சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. தேசியக்கொடிக்கு! ஐஎஸ் 1, வருஷம் 1951. பிறகு 1964-லயும் 1968-லயும் திருத்தினாங்க. அதில் காவி என்றால் 0.538, 0.360, பிரகாசம் 21.5 சதவீதம். பச்சை என்றால் 0.288, 0.395, பிரகாசம் 8.9. அதோட, எந்த வெளிச்சத்தில் பார்க்கணும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கு. இல்லுமினன்ட் சி என்கிற சராசரிப் பகல் வெளிச்சம். சாயம் போடுறவர் எங்க இருந்தாலும் சரி, கருவி வெச்சு அளந்து பார்த்து 'இது கொடிக் காவியா இல்லையா'ன்னு சொல்லிடலாம்.

இப்ப கணினிக்கு வருவோம். வலையில பரவலா புழங்குற கொடிக் காவி 255, 153, 51. தொண்ணூறுகள்ல பல மானிட்டர் 256 நிறம்தான் காட்டும். அதனால 'எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும்'னு 216 நிறங்களை ஒதுக்கினாங்க. ஒவ்வொண்ணும் 0, 51, 102, 153, 204, 255 என்ற ஆறு படியில் அமையும். நம்ம காவி அந்தப் படியில கச்சிதமா உட்காருது பாருங்க.

சும்மா இருக்க முடியாம அந்த மூணு எண்ணையும் சிஐஇ அளவுக்கு மாத்திப் பார்த்தேன். 0.500, 0.416, பிரகாசம் 44 வருது. அதாவது தரநிர்ணயம் சொல்றதை விட ரெண்டு மடங்கு பிரகாசம், மஞ்சள் பக்கமும் நல்லாவே சாய்ஞ்சிருக்கு. துணி வேற, திரை வேறதான். ஆனாலும் கொடிக்கே இந்த கதின்னா நம்ம போட்டோ எம்மாத்திரம்! :)

இன்னொரு சிக்கல், 255, 153, 51 என்பது நிறமே இல்லை. வெறும் கட்டளை. 'சிவப்பு முழுசா, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு' அவ்வளவுதான். எந்தச் சிவப்பு, எந்தப் பச்சைன்னு அதில் இல்லை. ஒவ்வொரு மானிட்டரும் தன் இஷ்டப்படி காட்டும். மேக் கணினிகள் 2009 வரைக்கும் காமா 1.8, விண்டோஸ் பக்கம் 2.2. ஒரே படம் அங்க வெளிறும், இங்க இருட்டும்.

இதைத் தீர்க்க 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி என்ற கூட்டமைப்பை ஆரம்பித்தன. படத்தோட ஒரு 'ப்ரொஃபைல்' ஒட்டி அனுப்பு, அது எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் என்பது திட்டம். 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் வேறு வழி சொன்னார்கள்: எல்லாரும் ஒரே அர்த்தம் வெச்சுக்குவோம், ப்ரொஃபைல் இல்லைன்னாலும் அதுவே பொருந்தும். அதுதான் எஸ்ஆர்ஜிபி. அன்றைய சாதாரண டப்பா மானிட்டர் காட்டக்கூடிய அளவுதான் அதன் எல்லை. அதே வருஷம் சிஎஸ்எஸ் முதல் பதிப்பும் அதையே எடுத்துக்கிட்டது. 1999-ல் சர்வதேசத் தரநிர்ணயமாகவும் ஆனது.

அச்சுக்காரங்களுக்கு அந்த எல்லை பத்தலை, முக்கியமா பச்சையிலும் நீலப்பச்சையிலும். 1998-ல் போட்டோஷாப் 5 ஒரு அகலமான வண்ணவெளியோட வந்தது. முதலில் அதுக்கு வெச்ச பேர் ஒரு தொலைக்காட்சித் தரநிர்ணயத்தோட பேர். பிறகு பார்த்தா, எண்களை எடுத்த இடமே தப்பு, அந்தத் தரநிர்ணயத்தோட உண்மையான அளவுகளே இல்லை! ஆனா பயனர்களுக்குப் பிடிச்சுப்போச்சு. பேரை மட்டும் அடோபி ஆர்ஜிபின்னு மாத்திட்டு அப்படியே வெச்சுக்கிட்டாங்க.

கரியாலூர் பச்சை சாகிறது இங்கதான். எஸ்ஆர்ஜிபியில் 0, 255, 0 என்கிற சுத்தப் பச்சையை அடோபி ஆர்ஜிபியில் எழுதினா 144, 255, 60. சுத்தச் சிவப்பு 219, 0, 0. ப்ரொஃபைல் கூடவே இருந்தா பிரச்சனை இல்லை. அது விழுந்துட்டா உலாவி அந்த எண்களை எஸ்ஆர்ஜிபின்னு நினைச்சுப் படிக்கும். பச்சையில சிவப்பும் நீலமும் கலந்து வெளிறிடும், சிவப்பு மங்கிடும். ப்ரொஃபைல் ஏன் விழுது? மோடம் காலத்தில் மூணு கேபி கூடப் பெரிசு, மிச்சம் பிடிக்கக் கழட்டி எறிஞ்சாங்க. அந்தப் பழக்கம் பல மென்பொருள்ல தங்கிடுச்சு. இருந்தாலும் அதைப் படிக்க ஆள் வேணுமே! ஃபயர்ஃபாக்ஸ் 2008-ல் இந்த வசதியைக் கொண்டுவந்தும் அணைச்சே வெச்சிருந்தது, 2009-ல்தான் தானாக வேலை செய்தது.

அப்ப என்ன செய்யலாம்? திருத்தி முடிச்சதும், வலைக்கான பிரதியை எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வெர்ட்' பண்ணுங்க. 'அசைன்' பண்ணாதீங்க. முன்னது எண்ணை மாத்தி நிறத்தைக் காப்பாத்தும். பின்னது எண்ணை அப்படியே விட்டு நிறத்தைக் கெடுக்கும். ப்ரொஃபைலையும் ஒட்டியே அனுப்புங்க, மூணு கேபிதானே.

முக்கியமா, மூலக்கோப்பை அழிக்காதீங்க. எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கிற பச்சையை மாத்தும்போது வெட்டித்தான் ஆகணும். வெட்டினது திரும்ப வராது. 2016-ல் வந்த ஐபோன் 7 தொடங்கி, இன்றைய நிறைய போன் திரைகள் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டுது. டப்பா மானிட்டருக்காகப் போட்ட வேலிக்குள்ள நாம இன்னைக்குப் போடுறது வலைப்பிரதி மட்டும்தான், மலையை முழுசா அடைக்க வேண்டாம்.

அடுத்த தடவை கல்வராயன் மலை ஏறுறவங்க, கேமரா மெனுவில் எந்த வண்ணவெளி இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க.