முகாமில் தண்ணீர் இருந்தது, வேலை இல்லை

ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' 1940இல் வந்த படம். ஜான் ஸ்டைன்பெக்கின் மூலநாவல் 1939இல் வெளியானது. ஓக்லஹோமாவில் குத்தகை நிலத்தைப் பறிகொடுத்த ஜோடு குடும்பம், கூலி வேலை தேடி ஒரு பழைய வண்டியில் கலிஃபோர்னியா போகிறது.

அங்கே ஓர் அரசு முகாம். குழாய்த் தண்ணீர், கழிப்பறை, குளியலறை, குடியிருப்பவர்களே தேர்ந்தெடுத்த குழு. இது கற்பனை அல்ல. ஆர்வின் ஊரருகே அப்படியொரு முகாம் இருந்தது. அதை நடத்திய டாம் காலின்ஸ்தான் படத்துக்கு ஆலோசகர்.

நாவலில் முகாம் நடுவிலேயே வந்துவிடுகிறது. சுற்றுவட்டாரத்தில் வேலை இல்லாததால் குடும்பம் வெளியேறுகிறது. பிறகு பீச் தோட்டத்தில் அடிமாட்டுக் கூலி, பருத்திக்காடு, வெள்ளம். படமோ தோட்டத்தை முன்னே வைத்து, முகாமைப் பின்னுக்குத் தள்ளியது. அதனால் நம்பிக்கையோடு முடிகிறது.

செவிலியான என் கண்ணில் படுவது இன்னொன்று. வயிற்றுப்பிள்ளைக்காகப் பால் வேண்டும் என்று ஏங்குகிற மகளுக்கு, நாவலில் குழந்தை இறந்தே பிறக்கிறது. படத்தில் அந்தப் பிரசவமே இல்லை. சுத்தமான தண்ணீர் காய்ச்சலைத் தடுக்கும். கர்ப்பிணியின் பசியை ஆற்றாது. அதற்குக் கூலி வேண்டும். படத்தைப் பார்த்தவர்கள் நாவலின் கடைசி அத்தியாயத்தையும் அவசியம் படியுங்கள்.